கைப்பேசியில் மின்னஞ்சல்: சாவி உங்கள் கையில் இருக்கட்டும்



விதை, உரம், பூச்சிமருந்து பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் மின்னஞ்சலைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று நினைக்காதீர்கள். பயிர்க் காப்பீடு, மானியம், வங்கிக் கடன் என்று இன்று நாம் நிரப்பும் பல படிவங்களில் செல்போன் நம்பருக்குப் பக்கத்திலேயே மின்னஞ்சல் முகவரிக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. ஒப்புகைச் சீட்டும் ரசீதும் அந்த முகவரிக்குத்தான் வரும். "இந்த ஆவணம் குறைகிறது, இன்ன தேதிக்குள் அனுப்பவும்" என்ற கடிதமும் அங்கேதான் வரும். அதைப் பார்க்காமல் விட்டால் நட்டம் யாருக்கு? நமக்குத்தான்.

"எனக்கு மின்னஞ்சலே கிடையாதே" என்பீர்கள். ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்தால் அநேகமாக உங்களுக்கு ஒன்று இருக்கும். போன் வாங்கிய அன்று கடைக்காரத் தம்பி ஏதோ தட்டிப் போட்டுக் கொடுத்தாரல்லவா, அதுதான். போனில் ஜிமெயில் என்ற செயலியைத் திறந்து, வலது மேல் மூலையில் உள்ள வட்டத்தைத் தொடுங்கள். உங்கள் முகவரி தெரியும். எழுத்துப் பிசகாமல் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நடுவில் இடைவெளி வராது. ஒரு எழுத்து மாறினாலும் கடிதம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

சாவி யாரிடம்?

முகவரி இருந்தால் மட்டும் போதாது. அதன் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? கடைக்காரருக்கு மட்டும் தெரியும் என்றால், களஞ்சியம் உங்களுடையது, சாவி அடுத்தவர் இடுப்பில் என்று அர்த்தம். போன் கிணற்றில் விழுந்தால் அந்தக் கணக்கைத் திரும்பத் திறக்க முடியாமல் போகலாம்.

ஆகவே போன் நல்லபடியாக இருக்கும்போதே இதைச் செய்யணும். செட்டிங்ஸில் கூகுள் என்ற இடத்துக்குப் போய், உங்கள் கணக்கில் பாதுகாப்புப் பகுதியைத் திறங்கள். மூன்று விஷயம் பாருங்கள்.

1. பாஸ்வேர்டை நீங்களே புதிதாக மாற்றுங்கள். பெயரையும் பிறந்த ஆண்டையும் வைக்க வேண்டாம்.
2. மீட்பு போன் நம்பர் உங்களுடையதா, கடைக்காரருடையதா என்று பாருங்கள். மகன் அல்லது மகளின் முகவரியை மீட்பு மின்னஞ்சலாகக் கொடுத்து வைப்பது நல்லது.
3. எந்தெந்தப் போனில், கம்ப்யூட்டரில் உங்கள் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். தெரியாத கருவி இருந்தால் வெளியேற்றிவிடுங்கள்.

சிம் கார்டை மாற்றும்போது மீட்பு நம்பரையும் மறக்காமல் மாற்றிவிடுங்கள். கைவிட்ட நம்பர் சில மாதம் கழித்து வேறு ஒருவருக்குப் போகும். உங்கள் கணக்குக்கான ரகசிய எண்ணும் அவருக்குப் போய்ச் சேரும். இன்னொன்று: 2 ஆண்டுகள் தொடாமலே விட்ட கணக்கை கூகுள் நீக்கிவிடலாம். 2023 டிசம்பரிலிருந்து இந்த நடைமுறை இருக்கிறது.

டேப்லெட், கம்ப்யூட்டர்

பேரப்பிள்ளையின் டேப்லெட்டிலும் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இதே முகவரி, இதே பாஸ்வேர்டு போதும். தனித்தனிக் கணக்கு வேண்டாம். கம்ப்யூட்டரில் தனி மென்பொருள் வைத்து அஞ்சல் பார்ப்பவர்களை ஐமேப், பாப் என்று இரண்டு வழி கேட்கும். ஐமேப் என்றால் நெல் கிடங்கிலேயே இருக்கும். எந்த வாசல் வழியாகப் போனாலும் அதே மூட்டைதான். பாப் என்றால் மூட்டையை இறக்கி வீட்டுக்குக் கொண்டுவருவது. கிடங்கில் நகல் வைக்காதபடி அமைத்துவிட்டால், அப்புறம் போனில் தேடினால் காணோம் என்பீர்கள். இரண்டு மூன்று கருவி உள்ளவர்கள் ஐமேப்பையே தேர்ந்தெடுங்கள்.

சேவை மையக் கம்ப்யூட்டரில் பார்த்தால், வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு எழுந்திருங்கள். "பாஸ்வேர்டைச் சேமிக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அஞ்சல் வரவில்லையா?

மோட்டார் ஓடுது, தண்ணி வரலே என்றால் உடனே மோட்டாரைக் கழற்றுவோமா? ஃபுட்வால்விலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இதற்கும் அப்படித்தான்.

முதலில் இணையம் வருகிறதா, டேட்டா தீர்ந்துவிட்டதா, விமானப் பயன்முறை போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, போனில் தேதியும் நேரமும் சரியா? தப்பாக இருந்தால் இணைப்பே மறுக்கப்படலாம். 'தானாக அமை' என்று வைத்துவிடுங்கள்.

மூன்றாவது, ஜிமெயில் செட்டிங்ஸில் உங்கள் முகவரியைத் தொட்டு, சிங்க் என்பது இயங்குகிறதா என்று பாருங்கள். பேட்டரி சேமிப்பு போட்டிருந்தாலும் அஞ்சல் தாமதமாக வரலாம்.

நான்காவது, ஸ்பேம் என்ற பெட்டியைத் திறங்கள். நல்ல கடிதமும் சில சமயம் அங்கே போய்விடும். 30 நாளில் தானாக அழிந்துவிடும் என்பதால் வாரம் ஒருமுறை பார்த்துக்கிடணும்.

ஐந்தாவது, இடம். இலவசக் கணக்கில் அஞ்சல், படங்கள், கோப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபி. கல்யாண வீடியோவால் அது நிரம்பிவிட்டால் கடிதம் வராது, அனுப்பினவருக்கே திரும்பிவிடும். வேண்டாத வீடியோவை நீக்கி, குப்பைப் பெட்டியையும் காலி செய்யுங்கள்.

ஒரு கருவியில் மட்டும் வரவில்லையா? பாஸ்வேர்டை மாற்றியிருப்பீர்கள். அந்தக் கருவியில் புதியதைக் கொடுங்கள்.

நீங்கள் அனுப்பியது போகாமல் அவுட்பாக்ஸிலேயே நின்றால், இணைப்பு பெரிதாக இருக்கலாம். ஒரு ஜிமெயில் கடிதத்தில் 25 எம்பி வரைதான் இணைக்கலாம். இலைநோய்ப் படம் அனுப்புகிறவர்கள் தெளிவான இரண்டு மூன்று படம் அனுப்பினால் போதும்.

கடைசியாக ஒன்று

"உங்கள் மானியம் நிற்கிறது, கீழே உள்ள இணைப்பைத் தொட்டு ஓடிபி கொடுங்கள்" என்று அவசரப்படுத்தி அஞ்சல் வந்தால், தொடவே வேண்டாம். அனுப்பியவர் முகவரியைப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் அலுவலகத்திலோ வங்கியிலோ நேரில் கேளுங்கள். பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை முடக்கிக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

இன்று மாலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். முகவரி, பாஸ்வேர்டு, மீட்பு நம்பர் மூன்றையும் சரிபாருங்கள். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் விரல் உங்களுடையதாக இருக்கட்டும். அப்போதுதான் அடுத்த தடவை நீங்களே செய்வீர்கள்.