குரற்குறையை அளப்பது எங்ஙனம்?

1854ஆம் ஆண்டில் மானுவேல் கார்சியா என்பவர், பல் மருத்துவர் கையாளும் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, கதிரவன் ஒளியை அதன்மீது செலுத்தித் தம் குரல்வளையின் உட்புறத்தைத் தாமே கண்டார். அவர் மருத்துவர் அல்லர், பாட்டாசிரியர். அவர் காட்டிய வழியில் மருத்துவர்கள் குரல் நாண்களைக் கண்ணாற் காணலாயினர். பின்னர்க் கருவிகள் பெருகின. நாண்கள் நொடிக்கு எத்தனை முறை அதிர்கின்றன, அவ்வதிர்வு எவ்வளவு சீர்குலைந்துள்ளது என்பனவெல்லாம் எண்களாயின.

எனினும் ஒன்று எஞ்சி நின்றது. கணக்கெழுதும் ஒருவருக்கும், பள்ளி ஆசிரியை ஒருவருக்கும் குரல் நாணில் ஒரே அளவான காய்ப்பு இருப்பதாகக் கொள்வோம். கருவி இருவருக்கும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டலாம். முன்னவர் சற்றுக் கரகரப்புடன் தம் பணியைச் செய்து போவார். பின்னவர்க்கோ பிற்பகலில் கடைசி வரிசை மாணவர் காதில் விழுமாறு பேச இயலாது. மாலையில் வீட்டில் குழந்தையைக் கூப்பிடவும் தொண்டை இடங்கொடாது. மாணவ நேயர்களே, இது வெறுங் கற்பனையன்று. அமெரிக்காவின் அயோவா, யூட்டா மாநிலங்களில் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், அப்பொழுது குரற்குறை உடையவராயிருந்தோர் ஆசிரியருள் நூற்றுக்கு 11 பேர். ஏனையோருள் 6 பேரே.

இவ்விழப்பை நோயாளியே அன்றோ அறிவார்? 1997இல் பார்பரா ஜேக்கப்சன் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் அமெரிக்காவில் 30 வினாக்கள் கொண்ட அளவை ஒன்றை வகுத்தனர். அன்றாடச் செயல், உடல் வருத்தம், மனவேதனை என மூன்று பகுதிகள். பகுதிக்குப் பத்து வினாக்கள். தொலைபேசியில் பேசுவதைக் குறைத்துக்கொண்டீரா, பேச்சின் நடுவே மூச்சு முட்டுகிறதா, குரலால் வருவாய் குன்றியதா என்ற போக்கில் அவை அமைந்தவை. ‘ஒருபோதும் இல்லை’ என்பதற்குச் சுழி. ‘எப்பொழுதும்’ என்பதற்கு 4. ஆகவே கூட்டுத்தொகை 120 வரை செல்லும். 2004இல் பத்தே வினாக்கள் கொண்ட சுருக்கமும் வந்தது.

உள்ளத்தை எண்ணால் அளப்பதா என்று சிலர் ஐயுறலாம். ஐயம் நியாயமானதே. துன்பத்தை வெளிக்காட்டாத இயல்புடையார் குறைவாகவே குறிப்பர். ஆதலின் ஒருவர் எண்ணை மற்றொருவர் எண்ணோடு ஒப்பிடுவதினும், அவரவர் முன்னைய எண்ணோடு ஒப்பிடுவதே தக்கது என்பது என் கருத்து. அதற்கும் ஒரு வரம்பை ஜேக்கப்சன் குழுவினர் கூறினர்: 18 புள்ளிகளேனும் மாறினாலன்றி உண்மையான மாற்றமெனக் கொள்ளலாகாது. அறுவைக்குப்பின் நாண்கள் தெளிவாகத் தோன்றலாம். ஆயினும் ஆசிரியையின் எண் 70இலிருந்து 62க்கு மட்டுமே இறங்கியிருப்பின், மருத்துவர் அவரை மீண்டும் அமர்த்தி, வகுப்பறையின் இரைச்சலைப் பற்றியும், நாள்தோறும் அவர் பேசும் நேரத்தைப் பற்றியும் உசாவத் தொடங்குவார்.