மைனராக ஜெர்மன்



டெக்சாஸின் பேர்லேண்ட் வட்டாரத் தமிழ் வீடுகளில் மேஜர் என்னவென்று கேட்டால் பதில் சட்டென வரும். கம்ப்யூட்டர் சயின்ஸ், நர்சிங், கெமிக்கல் இன்ஜினியரிங். மைனர், அதாவது துணைப்பாடம், என்னவென்று அத்தையும் மாமாவும் கேட்பதில்லை. யாராவது ஒரு பிள்ளை வலியவந்து "ஜெர்மன் மொழியும் பண்பாடும்" என்று சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி தயார்: "அதைப் படிச்சு என்ன பண்ணப் போறே?"

வேலைக்கு உதவும் என்பது வழக்கமான பதில். அது பொய்யில்லை. ஊரின் மேற்கே ஓடும் 288ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே போனால் ஃப்ரீபோர்ட் வரும். 1958இல் டவ் நிறுவனமும் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனமும் கூட்டாக அங்கே ரசாயன ஆலை தொடங்கின. பிஏஎஸ்எஃப் இன்றும் அங்கே இருக்கிறது. ஆனால் அங்கே வேலை கேட்டுப் போகிறவரிடம் முதலில் பார்ப்பது வேதியியலைத்தான், வினைச்சொல் விகுதியை அல்ல. ஐந்தாறு பாடங்கள், 15 முதல் 18 கிரெடிட், பல பல்கலைக்கழகங்களில் சான்றிதழில்கூட ஏறாமல் டிரான்ஸ்கிரிப்டோடு நின்றுவிடும் ஒரு வரி. இவ்வளவுக்கும் சம்பளத்தை மட்டும் காரணமாகச் சொன்னால் மாமாவே வாதத்தில் ஜெயித்துவிடுவார்.

வேறு காரணங்கள் உண்டு. ஒன்று, கார் போகும் தூரத்திலேயே இருக்கிறது. நியூ பிரான்ஃபெல்ஸ் ஊரை 1845இலும் ஃப்ரெடரிக்ஸ்பர்க்கை 1846இலும் உருவாக்கியவர்கள் ஜெர்மானியக் குடியேறிகள். நியூ பிரான்ஃபெல்ஸில் 1852 முதல் நூறாண்டுக்கு மேல் ஒரு ஜெர்மன் செய்தித்தாள் வந்தது. அதன் முதல் ஆசிரியர் ஃபெர்டினாண்ட் லிண்ட்ஹைமர் ஒரு தாவரவியலாளர். டெக்சாஸ் செடிகள் பலவற்றின் அறிவியல் பெயரில் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதல் உலகப் போர் வந்தது, ஜெர்மன் பேசினாலே சந்தேகம் என்ற நிலையும் வந்தது. 1918இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று மாநிலம் சட்டம் போட்டது. பெற்றோர் மெல்ல மெல்லப் பிள்ளைகளிடம் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். இன்று டெக்சாஸ் ஜெர்மன் பேசுவோர் முதியவர்கள் மட்டுமே. ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹான்ஸ் போவாஸ் 2001 முதல் அவர்கள் குரலைப் பதிவுசெய்து காப்பாற்றிவருகிறார். அம்மா தமிழில் கேட்க ஆங்கிலத்தில் பதில் சொல்லி வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பதிவுகள் அந்நியமாக இராது.

இன்னொரு காரணம் தரங்கம்பாடியில் இருக்கிறது. சாக்சனியிலிருந்து மிஷனரி பார்த்தலோமேயு சீகன்பால்கு 1706 ஜூலையில் அங்கே வந்து இறங்கியபோது வயது ஏறக்குறைய 24, இன்று பட்டம் வாங்கும் பிள்ளைகள் பலரைவிடச் சற்றே மூத்தவர். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் கற்றார். இரண்டே ஆண்டுகளில், தாம் திரட்டிய தமிழ் ஏடுகளுக்குக் குறிப்புகளோடு ஒரு பட்டியல் தயாரித்தார். 1713இல் தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி ஜெர்மனில் பெரிய நூல் ஒன்றை எழுதினார். சிவனும் திருமாலும் மட்டுமல்ல, ஐயனார், மாரியம்மன், எல்லையம்மன், பிடாரி என்று ஊர்த் தெய்வங்களும் அதில் உண்டு. ஜெர்மனியின் ஹாலே நகரத்து மிஷன் மேலிடம் அச்சிட மறுத்தது. அந்தச் சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர் அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர்கள் எண்ணம். நூல் அச்சேறியது 1867இல், அதுவும் சென்னையில். மூல வடிவத்தை ஆராய்ந்து 2003இல் ஹாலேயில் பதிப்பித்தவர் டேனியல் ஜெயராஜ் என்ற தமிழர். உள்ளூர் மீனாட்சி கோயிலுக்கு வாராவாரம் போகும் பேர்லேண்ட் பிள்ளை, பார்த்தேயிராத எல்லைச்சாமியை ஒரு ஜெர்மன் புத்தகத்தில் சந்திக்க வாய்ப்பிருக்கிறது.

அதைவிட வியப்பு சில கடிதங்கள். 1712 முதல் 1714 வரை சீகன்பால்குவும் அவருடைய தோழர் கிரண்ட்லரும் தமிழர்களிடம் கேள்விகள் கேட்டு எழுதினார்கள். சமயம், திருமணம், மருத்துவம், பள்ளி எனப் பலவற்றைப் பற்றியும் தமிழர்கள் பதில் எழுதினார்கள். ஐரோப்பியர் மாட்டைக் கொன்று தின்பதையும் குடிப்பதையும் சுத்தம் பார்க்காததையும் அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லத் தயங்கவில்லை. அந்தப் பதில்கள் ஜெர்மனில் மொழிபெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின. முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய தமிழர்களின் வாதமும் கோபமும் நமக்கு ஜெர்மன் வழியாகத்தான் வந்து சேர்கின்றன. அந்தப் பக்கங்களைப் படிக்கும் ஜெர்மானிய அறிஞருக்கு இலக்கணம் கைவசம் இருக்கும். மொழிபெயர்ப்புக்கு அடியில் எந்தத் தமிழ்ச் சொல் இருந்திருக்கும் என்று ஊகிக்க வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த காது வேண்டும்.

கார்ல் கிரால் 1856இல் திருக்குறளை ஜெர்மனில் வெளியிட்டதும், 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு சென்னை ஐஐடி எழுந்ததும் பின்னால் வந்த கதைகள்.

ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. ஐந்தாறு பாடங்களில் 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் வசப்படாது. பழைய கூரெழுத்து அச்சே முதலில் கண்ணைக் கட்டும், எழுத்துக்கூட்டலும் இன்றையதுபோல் இராது. பேராசிரியரிடம் கேட்டு ஒரு செமஸ்டர் தனிப்படிப்பாக எடுத்துக்கொண்டால் முதல் கடிதம்வரை போகலாம். ஹாலேயின் ஃபிராங்கே நிறுவனம் தன் சேகரிப்புகளை இணையத்தில் திறந்துவைத்திருக்கிறது. பட்டம் வாங்கிய கையோடு வேலையில் சேருகிறவர்களும் சனிக்கிழமை காலையில் அங்கே நுழையலாம், கட்டணம் கிடையாது.