தனித்து நிற்றலும் தனிமைப்படுதலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நம் சங்கத்தை நகரத்துப் பெரிய சங்கம் ஒன்றின் கிளையாக இணைத்துவிடலாமா என்னும் வினா இவ்வாண்டு பொதுக்குழுவின் முன் நிற்கின்றது. இணைந்தால் விழா நடத்த மண்டபம் கிட்டும்; நூலகத்திற்கு நூல்கள் கிட்டும். இணையாவிடின் இந்த வாடகைப் பந்தலும், வீடு வீடாகச் சென்று திரட்டும் சந்தாவுமே நமக்குத் துணை. விளையாட்டைப் பற்றிப் பேசுமாறு பணிக்கப்பெற்ற நாம் இதனை ஏன் எடுத்தோம் என்று சிலர் ஐயுறலாம். பந்தாட்டக் களத்திலும் இதே வினா எழுந்திருக்கின்றது. அங்கே கிடைத்த பாடம் நமக்கும் பயன்படும் என்பதனாலேயே எடுத்தோம்.

முதலில் நம் எல்லையைப் பார்ப்போம். பாறசாலையிலிருந்து இஞ்சிவிளையைக் கடந்தால் களியக்காவிளை. 1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. உறவினர் வீடுகளும் சந்தைகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. இடையில் ஒரு கோடு மட்டும் வந்தது.

அக்கோடு கல்லூரிகளின் ஆட்டக்களத்தையும் தொட்டது. 1893-இல் கல்லூரியாக உயர்ந்தது நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி. 1937-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றிய பின் அதன்கீழ் வந்தது. மாநில எல்லை மாறிய பின் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றவே அதனைச் சார்ந்தது. 1990-இல் நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அமைந்த பின் அதன் உறுப்பாயிற்று. கல்லூரி ஓர் அடியும் நகரவில்லை. ஆனால், கல்லூரிகளுக்கிடையேயான போட்டிகளைப் பல்கலைக்கழகமே நடத்துவதால், இணைப்பு மாறுந்தோறும் எதிர்த்து ஆடும் அணிகளும் மாறின.

இன்று நம் அருகிலுள்ள தனுவச்சபுரம் வேலுத்தம்பி நினைவு என்.எஸ்.எஸ். கல்லூரி கேரளப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. மார்த்தாண்டத்திலுள்ள நேசமணி நினைவுக் கிறித்தவக் கல்லூரி நெல்லைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. மிதிவண்டியில் காலையில் புறப்பட்டால் உச்சிப் பொழுதிற்குள் போய்த் திரும்பிவிடலாம். ஆயினும், தத்தம் பல்கலைக்கழகம் நடத்தும் கல்லூரிப் போட்டிகளில் இவ்விரு கல்லூரி மாணவரும் எதிர்நிற்க வழியில்லை. இருவரும் பல்கலைக்கழக அணிகளில் இடம் பெற்றுத் தென்மண்டலப் போட்டிக்குச் சென்றால், ஆங்கே ஒருவரையொருவர் காணலாம்!

கடற்கரையிலும் இதுவே நிலை. பொழியூர் மணலில் ஆடிப் பழகியோர் கேரளத்திற்காகச் சந்தோஷ் கோப்பைப் போட்டியில் ஆடுகின்றனர். அடுத்துள்ள நீரோடி முதல் தூத்தூர் வரையிலான ஊர்களில் ஆடிப் பழகியோர் தமிழ்நாட்டு அணியை நாடுகின்றனர். மணலும் ஒன்று, கடலும் ஒன்று. அத்தூத்தூர்ப் பகுதியின் இலத்தீன் கத்தோலிக்க ஆலயங்கள் இன்றளவும் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தையே சேர்ந்தவை. அரசின் கோடு எல்லா உறவுகளையும் அறுத்துவிட வேண்டுவதில்லை என்பதற்கு இஃதொரு சான்று.

நம் ஊரில் அரசின் எல்லை செய்ததனை, அமெரிக்க நாட்டில் பொருள் செய்தது. அங்கே கல்லூரிக் கால்பந்தாட்டம் என்பது நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி ஓடும் வேறொரு ஆட்டம். அண்டைக் கல்லூரிகள் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து தமக்குள் ஆடிவந்தன. 1915-இல் தோன்றிய பசிபிக் கடற்கரைக் கூட்டமைப்பு அவற்றுள் ஒன்று. தொலைக்காட்சி தரும் பெரும்பொருளை நாடி, 2022, 2023 ஆகிய ஈராண்டுகளில் அதன் 12 உறுப்பினருள் 10 பேர் விலகுவதாக அறிவித்தனர். 2024-இல் எஞ்சியவை ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமுமே. விலகியவற்றுள், பசிபிக் கரையிலுள்ள ஸ்டான்போர்டும் கலிபோர்னியாவும் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பில் சேர்ந்து, ஒரு கண்டத்தையே கடந்து சென்று ஆடுகின்றன!

இவ்வலையில் அகப்படாது நின்றது இந்தியானா மாநிலத்திலுள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழகம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கூட்டமைப்பில் சேர விரும்பியபோது, அண்டைக் கல்லூரிகள் அதனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே, தொலைவூர்களுக்குச் சென்று ஆடிற்று. அதனாலேயே நாடெங்கும் புகழ் பெற்றது. 1991 முதல் தனக்கெனத் தனியே தொலைக்காட்சி ஒப்பந்தம் செய்துகொண்டது.

இவற்றினும் நம் உள்ளத்தைத் தொடுவது வேறொரு செய்தி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மாணவர் தொகை குறைந்து அப்பல்கலைக்கழகம் தளர்ந்தபோது, அமெரிக்கக் கடற்படை தன் அதிகாரிகளுக்கான பயிற்சியை அங்கே நடத்தி அதனைத் தாங்கிற்று. அந்நன்றியை மறவாத நோட்டர் டேம், கடற்படைக் கழகத்தின் அணியோடு ஆடும் வழக்கத்தை விடவில்லை. 1927-இல் தொடங்கிய அவ்வாட்டம் 2019 வரை ஆண்டுதோறும் நிகழ்ந்தது. 2020-இல் கொள்ளைநோயால் தடைப்பட்டு, அடுத்த ஆண்டே மீண்டும் தொடர்ந்தது. 1964 முதல் 2006 வரை 43 ஆண்டுகள் கடற்படையே தோற்றது. ஆயினும், "இவ்வாட்டத்தால் நமக்கென்ன பயன்?" என்று நோட்டர் டேம் அதனைக் கைவிடவில்லை. தன் ஆட்ட அட்டவணையைத் தானே வகுக்கும் உரிமை இருந்ததனாலன்றோ இந்நன்றிக்கடனை ஆற்ற முடிந்தது?

தனித்து நிற்பதற்கு விலையும் உண்டு. 2024-இல் 12 அணிகள் கொண்ட வாகைப் போட்டி அமைந்தபோது, முதற்சுற்றை ஆடாது மேலேறும் சலுகை கூட்டமைப்புகளின் வாகையருக்கே வைக்கப்பட்டது. நோட்டர் டேம் ஓர் ஆட்டம் மிகுதியாக ஆடியே இறுதிக்குச் சென்று, ஓகயோ மாநில அணியிடம் தோற்றது. மேலும், அது முற்றும் ஒதுங்கியும் வாழவில்லை. பிற விளையாட்டுகள் பெரும்பாலானவற்றில் 2013 முதல் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பின் உறுப்பினராக உள்ளது. 2020-இல் நோய்ப்பரவல் வந்தபோது கால்பந்தாட்டத்திலும் ஓராண்டு அங்கே சேர்ந்து ஆடிற்று. வேண்டியவிடத்துக் கூடியது, உயிர்நிலையான உரிமையைக் கைவிடவில்லை. தனித்து நிற்றல் வேறு, தனிமைப்படுதல் வேறு.

இனி, நம் வினாவிற்கு வருவோம். பெரிய சங்கத்தாரை நாம் பகைக்க வேண்டுவதில்லை. நூலகத்திற்கும் பெருவிழாவிற்கும் அவரோடு ஒப்பந்தம் செய்து கைகோப்போம். ஆனால், ஞாயிற்றுக்கிழமைதோறும் நம் குழந்தைகளுக்கு நடக்கும் தமிழ் வகுப்பும், நம் குடும்பங்கள் தந்த சந்தாவின் கணக்கும் நம் கையிலேயே இருத்தல் வேண்டும். பொங்கல் மறுநாள் களியக்காவிளை இளைஞர்களோடு நம் பிள்ளைகள் ஆடும் பந்தாட்டமும் அவ்வாறே. கிளையாகிவிட்டால் இவற்றின் நாளையும் இடத்தையும் நகரத்தார் வகுப்பர். அவர் தீயவர் என்பதன்று. நம் எல்லையின் அருமை அவர்க்குத் தெரிய வழியில்லை.

கடந்த பொங்கலில் நம் பிள்ளைகள் நான்கு கோல் வாங்கித் தோற்றனர். ஆட்டம் முடிந்ததும் இரு தரப்பினரும் இக்குடியிருப்பின் திண்ணைகளில் ஒன்றாக அமர்ந்து பொங்கல் உண்டனர். எந்தப் பல்கலைக்கழகமும் மாநிலமும் தம் அட்டவணையில் இவ்வாட்டத்திற்கு இடம் தாரா. நாம்தாம் தரவேண்டும். பொதுக்குழுவில் கைதூக்கும்போது பெரியோர்கள் இதனை எண்ணிப் பார்க்குமாறு வேண்டி அமைகின்றோம்.