கண்டுபிடித்தார்களா, கைப்பற்றினார்களா?

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

தோழர்களே,

கட்சி ஆவணங்களைத் தமிழாக்கும் பணியில் இருக்கும் எனக்கு அடிக்கடி இடறும் சொல் ஒன்று உண்டு: 'கண்டுபிடிப்பு'. ஐரோப்பியர் கடல்வழிகளையும் தீவுகளையும் 'கண்டுபிடித்தனர்' என்றே பள்ளி நூல்கள் நமக்குக் கற்பித்தன. மக்கள் குடியிருந்த நிலத்தையும், வணிகர் பன்னெடுங்காலம் சென்றுவந்த கடலையும் ஒருவர் எவ்வாறு கண்டுபிடிக்க இயலும்? இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கில் உள்ள பாண்டா தீவுகளின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் அன்று உலகச் சந்தைக்குக் கிடைத்தது இச்சிறு தீவுக்கூட்டத்திலிருந்து மட்டுமே. அங்கே மன்னர் இல்லை. ஊர்ப் பெரியவர்களே வணிகத்தை நடத்தினர். ஜாவானியர், மலாய்க்காரர், அரபியர் என வந்த அனைவருக்கும் விற்றனர்; ஈடாக அரிசியும் துணியும் பெற்றனர். அத்துணிகளில் சோழமண்டலக் கரை நெசவாளர் நெய்தவையும் உண்டு.

1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியது. பங்குகள் விற்று மூலதனம் திரட்டிய வணிக நிறுவனம் அது. ஆயினும் போர் தொடுக்கவும், கோட்டை கட்டவும், உடன்படிக்கை செய்யவும் அரசே அதற்கு அதிகாரம் வழங்கியிருந்தது. தனக்கு மட்டுமே விற்கவேண்டும் என்று கம்பெனி ஒப்பந்தங்களைத் திணித்தது. தீவு மக்களோ பிறருக்கும் விற்றனர். உணவுக்கே வெளியிலிருந்து வரும் கப்பல்களை நம்பியிருந்தவர்கள் வேறென்ன செய்வர்? கம்பெனியின் பார்வையில் அது ஒப்பந்த மீறல்.

1621இல் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சோன் கூன் பெரும்படையுடன் வந்திறங்கினார். ஊர்ப் பெரியவர்கள் 40க்கும் மேற்பட்டோர், கூலிக்கு அமர்த்தப்பட்ட ஜப்பானியரின் வாளால் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 15,000 என மதிப்பிடப்படும் மக்களில், தீவுகளில் எஞ்சியோர் 1,000 அளவினரே. மற்றவர்கள் போருக்கும் பசிக்கும் நோய்க்கும் இரையாயினர், சிலர் தப்பியோடினர், நூற்றுக்கணக்கானோர் பத்தேவியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். தோப்புகள் கூறுபோடப்பட்டு ஐரோப்பியக் குடியேறிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றில் உழைக்க வேற்றிடங்களிலிருந்து அடிமைகள் கொண்டுவரப்பட்டனர்.

இதைக் கூன் என்ற தனிமனிதரின் கொடூரமாக மட்டும் கருதிவிடக் கூடாது. விலையைத் தன் விருப்பப்படி வைக்க முற்றுரிமை தேவைப்பட்டது. முற்றுரிமைக்கு நிலம் தேவைப்பட்டது. நிலத்துக்கு அதன் மக்களே தடையாக நின்றனர். 'மூலதனம்' முதல் தொகுதியில் ஆதித் திரட்டலை விளக்கும் மார்க்ஸ், டச்சுக் காலனி ஆட்சியைச் சான்றாகக் காட்டுவது தற்செயலன்று.

பாண்டாக் கூட்டத்தைச் சேர்ந்த ரன் தீவை ஆங்கிலேயரும் உரிமை கோரினர். 1667இன் பிரெடா உடன்படிக்கைக்குப் பின் ரன் டச்சுக்காரரிடமும், மன்ஹாட்டன் ஆங்கிலேயரிடமும் நிலைத்தன. இரு தீவுகளின் மண்ணுக்குரிய மக்களை எவரும் கேட்கவில்லை.

தோழர்களே, அன்று 'கண்டுபிடிப்பு' செய்த வேலையை இன்று 'வளர்ச்சி' என்ற சொல் செய்கிறது. மீனவர் வலை உலர்த்தும் கரை, ஆவணங்களில் 'பயன்படாத நிலம்' ஆகிறது. பின்னர் அது தனியார் துறைமுகமாகிறது. சொல்லைத் திருத்துவதால் மட்டும் நிலம் மீளாது என்பதை அறிவேன். ஆனால் கைப்பற்றியதைக் கைப்பற்றியது என்றே சொல்லப் பழகாமல், மீட்பதற்கான போராட்டத்தை நாம் தொடங்க முடியாது. கடற்கரைக் கிராமங்களில் கூட்டம் நடத்தும் தோழர்கள் இந்த வரலாற்றை அங்கே எடுத்துச் சொல்லுங்கள். அதன் பொருள் அம்மக்களுக்கு உடனே விளங்கும்.