சிறு முதலாளிகளும் சம்பள ஏடும்

(மஸ்ஜித் தானா வட்டாரத்துச் சிறு முதலாளிகளிடையே தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கு வந்திருப்போரில் மளிகைக் கடை நடத்துவோர் உளர். உணவகம், முடிதிருத்தும் நிலையம், மோட்டார் பட்டறை, தையற்கடை நடத்துவோர் உளர். செம்பனைக் குலை வெட்டும் வேலையைக் குத்தகைக்கு எடுத்து ஆள் வைத்துச் செய்வோரும் உளர். ஒருவரிடம் இருவர் வேலை செய்வர், மற்றொருவரிடம் நால்வர். “நாங்களெல்லாம் முதலாளிகளா, ஐயா?” என்று வாயிலில் ஒருவர் நகைத்தபடி கேட்டார். ஒரே ஓர் ஆளைச் சம்பளத்திற்கு வைத்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் முதலாளியே என்பதை முதற்கண் கூறிக்கொள்கிறோம்.

உங்களுள் பலர் தோட்டத்தில் பிறந்தவர்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்த பெற்றோரின் பிள்ளைகள். செக்ரோலில் கிராணியார் இடும் ஒரு சிறு கோட்டை நம்பியே அவர்கள் குடும்பம் நடத்தினர். அக்கோடு விடுபட்டால் அன்றைய கூலியும் விடுபட்டது. இன்று அந்தச் செக்ரோல் உங்கள் மேசைமேல் இருக்கிறது. எழுதுகோல் உங்கள் கையில் இருக்கிறது. நாம் பேச வந்த பொருள் இதுவே.

நல்லவர் இருவர், இல்லாத ஏடு

சில ஆண்டுகட்கு முன் ஒரு முதலாளியும் அவரிடம் பதினொரு ஆண்டு வேலை செய்த தொழிலாளியும் எம்மிடம் வந்தனர். முதலாளி கெட்டவர் அல்லர். தொழிலாளியின் மகள் திருமணத்திற்கு முன்னின்று உதவியவர். பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்குக் கணக்குப் பாராமல் கொடுத்தவர். சம்பளத்தை மாதந்தோறும் முழுதாகக் கையிலே கொடுத்து வந்தார். “பிடித்தம் வேண்டாம், முழுப் பணமும் தாருங்கள்” என்று தொழிலாளியே கேட்டுக்கொண்டாராம். இருவரும் அதனை ஓர் உதவியாகவே எண்ணினர்.

தொழிலாளிக்கு 55 வயது நிறைந்தது. ஊழியர் சேமநிதி அலுவலகத்திற்குச் சென்று பார்த்தபொழுது, முன்பு தோட்டத்தில் வேலை செய்த காலத்துப் பணம் மட்டுமே அவர் கணக்கில் இருந்தது. பதினொரு ஆண்டு உழைப்பிற்கு ஒரு காசும் இல்லை. தொழிலாளி ஒப்புக்கொண்டார் என்பதனால் முதலாளியின் கடமை நீங்காது. இருவர் பங்கையும் நிதிக்குச் செலுத்தும் பொறுப்பு முதலாளியுடையதே. உரிய மாதத்தில் பிடிக்கத் தவறிய பங்கைப் பல ஆண்டு கழித்துத் தொழிலாளியிடம் கேட்கவும் இயலாது. தாமதக் கட்டணமும் இலாப ஈவும் வேறு சேர்ந்துகொண்டன. அம்முதலாளி நிலுவையை வருந்திக் கட்டி முடித்தார். எனினும் பழைய உறவு திரும்பவில்லை. இருவருமே நல்லவர்கள்; ஏடு ஒன்றுதான் இல்லை.

ஒரு சட்டத்திற்கு மூன்று நாட்கள்

“சட்டம் அடிக்கடி மாறுகிறது, நாங்கள் எப்படித் தொடர்வது?” என்று நீங்கள் கேட்பது நியாயமே. அதற்கு ஒரு வழி சொல்கிறோம். ஒவ்வொரு சட்டத்திற்கும் மூன்று நாட்கள் உண்டு: அறிவிக்கப்படும் நாள், நிறைவேற்றப்படும் நாள், நடைமுறைக்கு வரும் நாள். குழப்பம் பெரும்பாலும் இம்மூன்றையும் ஒன்றாக எண்ணுவதால் விளைகிறது.

1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன் திருத்தம் 2022 மார்ச்சில் மக்களவையில் நிறைவேறியது. அவ்வாண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வரும் என்றனர். பின்னர் அது தள்ளிவைக்கப்பட்டு, 2023 ஜனவரி 1-ஆம் நாளே நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட மாதங்களில் சிலர் முன்னதாகவே மாற்றினர். சிலரோ “அது தள்ளிப்போய்விட்டது” என்ற சொல்லோடு நின்று, வந்த பின்னும் மாற்றவில்லை.

குறைந்தபட்சச் சம்பளமும் அவ்வாறே. 2013 ஜனவரியில் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய அது, 2022 மே 1-ஆம் நாள் 1,500 ரிங்கிட் ஆயிற்று. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்போர்க்கு முதலில் 2023 ஜனவரி வரையும், பிறகு ஜூலை வரையும் தவணை கிடைத்தது. 1,700 ரிங்கிட் என்னும் உயர்வு 2024 அக்டோபரில் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. 2025 பிப்ரவரி 1-ஆம் நாள் பெரிய முதலாளிகளுக்கும், ஆகஸ்டு 1-ஆம் நாள் உங்களைப் போன்றோர்க்கும் அது நடைமுறைக்கு வந்தது. “எங்களிடம் நாலு பேர்தானே” என்னும் மறைவிடம் அந்நாளோடு நீங்கிற்று.

இங்கு இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளத்தையே குறிக்கும்; சாப்பாட்டுப் படியையும் பயணப் படியையும் கூட்டி 1,700 ஆக்குதல் ஆகாது. அடுத்தது, குலைக்கு இவ்வளவு, டன்னுக்கு இவ்வளவு என்று கூலி தரும் குத்தகையாளர்களுக்கும் அந்த மாதக் கணக்கு பொருந்தும். மீறினால் ஒவ்வொரு தொழிலாளிக்கும் 10,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

மாறியவை எவை?

2023 ஜனவரியில் வந்த திருத்தத்தால் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. ஓராண்டேனும் வேலை செய்த மணமான ஆண் தொழிலாளிக்கு, மனைவியின் ஐந்து பிரசவம் வரை, ஒவ்வொன்றுக்கும் தொடர்ந்து 7 நாள் சம்பள விடுமுறை உண்டாயிற்று. சம்பளம் எவ்வளவாயினும் எல்லாத் தொழிலாளரும் சட்டத்தின் கீழ் வந்தனர். மிகுதி நேரச் சம்பளம் போன்ற சில உரிமைகள் மட்டும் மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதோர்க்கு உரியன. இச்சட்டத்தின் பொதுவான அபராத வரம்பும் 10,000 ரிங்கிட்டிலிருந்து 50,000 ரிங்கிட்டாக உயர்ந்தது.

ஊழியர் சேமநிதி 1951-இல் தொடங்கியபொழுது தொழிலாளி பங்கு நூற்றுக்கு 5, முதலாளி பங்கு 5. இப்பொழுது, 60 வயதுக்குட்பட்ட குடிமகன் 5,000 ரிங்கிட் வரை சம்பளம் பெற்றால், தொழிலாளி பங்கு 11, முதலாளி பங்கு 13. வீட்டுப் பணியாளர் நீங்கலாக, அயல்நாட்டுத் தொழிலாளருக்கும் 2025 அக்டோபர்ச் சம்பளம் முதல் இருசாராரும் நூற்றுக்கு 2 செலுத்துதல் கட்டாயமாயிற்று. சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்புத் திட்டம் அயல்நாட்டுத் தொழிலாளருக்கு 2019 முதலே உண்டு. வேலையிழந்தோர்க்கு உதவும் வேலைக் காப்புறுதித் திட்டம் 2018 ஜனவரியில் வந்தது.

ஒரு மாதக் கணக்கு

ஆசிரியப் பயிற்சி பெற்ற எமக்குக் கரும்பலகை இல்லாமல் பேச்சு நிறைவதில்லை. ஆகவே ஒரு கணக்கு. 2025 ஆகஸ்டுத் திங்கள். கடையில் 1,700 ரிங்கிட் சம்பளத்தில் உள்நாட்டுத் தொழிலாளி ஒருவர். அவர் பங்காகச் சேமநிதிக்கு 187 ரிங்கிட், சொக்சோவுக்கு 8 ரிங்கிட் 25 காசு, வேலைக் காப்புறுதிக்கு 3 ரிங்கிட் 30 காசு. ஆக 198 ரிங்கிட் 55 காசு. கைக்கு வருவது 1,501 ரிங்கிட் 45 காசு.

உங்கள் பங்கு: சேமநிதிக்கு 221 ரிங்கிட், சொக்சோவுக்கு 28 ரிங்கிட் 85 காசு, காப்புறுதிக்கு 3 ரிங்கிட் 30 காசு, ஆக 253 ரிங்கிட் 15 காசு. ஓர் ஆளை வைப்பதற்கு உண்மைச் செலவு 1,953 ரிங்கிட் 15 காசு. ஆள் சேர்க்குமுன் இத்தொகையையே மனத்திற்கொண்டு விலை நிர்ணயம் செய்தல் வேண்டும். 1,700 என்று மட்டும் எண்ணிக் குத்தகைக்கு விலை பேசுவோர் மாதக் கடைசியில் சேமநிதிப் பணத்தில் கைவைக்க நேர்கிறது.

இனி மிகுதி நேரம். 1,700-ஐ 26-ஆல் வகுத்தால் நாட்கூலி 65 ரிங்கிட் 38 காசு. முன்பு நாளொன்றுக்கு 8 மணி என்று வகுத்தீர்கள். அப்படியானால் மணிக்கு 8 ரிங்கிட் 17 காசு. இப்பொழுது வாரம் 45 மணி. ஆறு நாள் வேலையென்றால் நாளுக்கு ஏழரை மணி. ஆகவே மணிக்கு 8 ரிங்கிட் 72 காசு. மிகுதி நேரத்திற்கு அதில் ஒன்றரை மடங்கு, 13 ரிங்கிட் 8 காசு. பழைய கணக்கின்படி கொடுத்தால் 12 ரிங்கிட் 26 காசு. மணிக்கு 82 காசு குறைகிறது. நீங்கள் எவரையும் ஏமாற்ற எண்ணவில்லை. வகுக்கும் எண்ணை மாற்றாததே குறை. எனினும் அந்த 82 காசு தொழிலாளியின் பணம் அன்றோ?

நான்கு பழக்கங்கள்

முதலாவது, ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். சம்பளம், வேலை நேரம், விடுமுறை, சேமநிதி, சொக்சோ என ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மாற்றம் வரும்பொழுதெல்லாம் தேதியுடன் குறியுங்கள். எவரேனும் ஒரு செய்தி கொணர்ந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்நாள் முதல்? எவர்க்கு? எந்தச் சம்பளத்தின்மேல்? விடை தெரியும்வரை அது காப்பிக் கடைப் பேச்சே. கைத்தொலைபேசியில் சுற்றிவரும் செய்தியும் அவ்வாறே. தொழிலாளர் இலாகா, சேமநிதி வாரியம், சொக்சோ ஆகியவற்றின் அறிவிப்பே முடிவானது. அங்குச் சென்று கேட்பதற்குக் கட்டணம் இல்லை.

இரண்டாவது, நாட்காட்டியில் இரு தேதிகளைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். மாதம் முடிந்து 7-ஆம் நாளுக்குள் சம்பளம். 15-ஆம் நாளுக்குள் சேமநிதியும் சொக்சோவும். பிடித்த பணம் உங்கள் பணமன்று என்பதை மறவாதீர்கள்.

மூன்றாவது, சம்பளத் துண்டு கொடுங்கள். என்ன சம்பளம், எத்தனை மணி மிகுதி நேரம், என்ன பிடித்தம் என்பவை அதில் இருத்தல் வேண்டும். சட்டம் இடந்தராத எதனையும் பிடிக்காதீர்கள். உடைந்த தட்டுக்கும் தொலைந்த சாவிக்கும் உங்கள் விருப்பம்போல் சம்பளத்தில் கைவைத்தல் கூடாது.

நான்காவது, ஏடுகளைப் பாதுகாத்து வையுங்கள். தொழிலாளர் பதிவேட்டில் எழுதியது ஆறு ஆண்டுவரை சோதனைக்குக் கிடைக்குமாறு இருக்க வேண்டும். எழுதி வைத்தவருக்கு அதிகாரியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

நண்பர்களே, செலவு கூடுகிறது என்ற உங்கள் வருத்தத்தை நாம் அறியாமல் இல்லை. பெரிய நிறுவனத்திற்குக் கணக்கர் இருப்பார்; உங்களுக்கோ கடை சாத்தியபின் விளக்கடியில் அமரும் ஒரு மணி நேரமே உண்டு. அந்த ஒரு மணியை மாதம் ஒருமுறை இவ்வேட்டுக்குத் தாருங்கள். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு பாடமே. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். தொழிலாளிக்குக் கொடுப்பதையும் அளந்து, எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்.

உம்முடைய தந்தையார் செக்ரோலில் தம் பெயருக்கு நேரே தேடிய அந்தக் கோட்டை, இன்று உம்மை நம்பி ஒருவர் தேடுகிறார். அது தவறாமல் இருக்கட்டும்.