பேரணி மட்டும் போதாது, சகோதரிகளே!

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில், குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைத் தடுப்பது பற்றி உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் வருது. பேனர் கட்டுறோம், பேரணி போறோம், உறுதிமொழி எடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் சாயங்காலம் ஆனால் அதே ரோட்டில் தள்ளாடிக்கிட்டே பைக்கை எடுக்கிறார்கள். அப்போ எதுதான் பலன் தரும்?

இதை நம்ம நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2010, 2011 ஆண்டுகளில் ராஜஸ்தான் போலீசும் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து செய்தார்கள். பின்னால், 2019-ல் நோபல் பரிசு வாங்கிய அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அதில் இருந்தார்கள். சில காவல் நிலையங்களில் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நின்று, குடித்திருக்கிறார்களா என்று ஊதச் சொல்லிச் சோதனை செய்தார்கள். வேறு சில இடங்களில் மூன்று இடங்களை மாற்றி மாற்றி நின்றார்கள்.

ஒரே இடத்தில் நின்றதால் சொல்லும்படியான பலன் இல்லை. இடம் மாற்றி நின்ற ஊர்களில் இரவு விபத்து 17 சதவீதமும், இரவில் நடந்த சாவு 25 சதவீதமும் குறைந்தது.

காரணம் நமக்கே தெரியும். பாலத்துக்கிட்ட போலீஸ் நிற்குதுன்னா, வண்டி கம்மாக்கரை வழியா வீட்டுக்கு வந்திடும். எங்கே நிற்பார்கள் என்று தெரியாவிட்டால்தான் பயம் வரும்.

இங்கே சிலருக்கு ஒரு கவலை இருக்கும். “நம்ம வீட்டு ஆளையே பிடிச்சா, பத்தாயிரம் அபராதம் யார் கட்டுறது? குழுக் கடன் வாங்கி நாமதானே கட்டணும்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2019-ல் திருத்திய சட்டப்படி முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள். பத்தாயிரத்தைத் தவணையில் அடைத்துவிடலாம். போன காலும் போன உயிரும் எந்தத் தவணையிலும் வராது.

இன்னொன்றும் இருக்கிறது. நம்மில் பலருடைய பேரில்தான் வண்டி இருக்கு. குடித்து ஓட்டி வண்டி நொறுங்கினால் அந்தச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கிடைக்காது. எதிரே வந்தவர் அடிபட்டால், கம்பெனி கொடுக்கும் நஷ்டஈட்டை வண்டிச் சொந்தக்காரரிடமே வசூலிக்கச் சொல்லிக் கோர்ட்டு உத்தரவு போடலாம். அந்தச் சொந்தக்காரர் யார்? நாம்தான்.

சரி, என்ன செய்யலாம்?

முதலாவது, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற கிராம சபை நாட்களில் குழுவாகப் போய் உட்காருவோம். “எங்கள் பகுதியில் இரவுச் சோதனை வேண்டும். வாரத்தில் சில நாள், இடம் மாற்றி மாற்றி வேண்டும்” என்று தீர்மானம் கேட்போம். நகலைக் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குவோம். எந்த வளைவில், எந்தக் கடை அருகில், எத்தனை மணிக்கு ஆபத்து என்பது போலீசைவிட நமக்கு நன்றாகத் தெரியும். அதையும் எழுதிக் கொடுப்போம்.

இரண்டாவது, தனி ஆளாகப் போக வேண்டாம். தனியாகக் கேட்டால் “உன் புருஷன்தானே குடிக்கிறான்” என்று வாயை அடைத்துவிடுவார்கள். இருபது பேர் கையெழுத்துப் போட்டால் யாரைச் சொல்ல முடியும்?

மூன்றாவது, வீட்டில். குடித்து வந்த ஆளிடம் சாவிக்காக மல்லுக்கட்ட வேண்டாம், அடி நமக்குத்தான் விழும். காலையில் தெளிவாக இருக்கும்போது பேசுங்கள். “குடிச்சா வண்டியை அங்கேயே போட்டுட்டு வாங்க, காலையில எடுத்துக்கலாம்” என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அடி உதை இருந்தால் 181-க்கு போன் செய்யுங்கள்.

நான்காவது, ஒரு மாதத்தோடு விட்டுவிடக் கூடாது. நம் கூட்டத்தில் தீர்மான நோட்டை எடுக்கும்போதெல்லாம் கேளுங்கள்: இந்த மாதம் சோதனை நடந்ததா? எத்தனை இடத்தில்? நடக்காவிட்டால் மறுபடியும் மனு கொடுப்போம்.

சேமிப்பை வாரா வாரம் விடாமல் கட்டுகிறோமே, அதே பிடிவாதம் இதற்கும் போதும்.