ஒடாஹுஹு: இரு கடலுக்கு நடுவே ஒரு சைக்கிள்



சைக்கிளில் ஊர் சுற்றுவது என்றாலே பலருக்கும் பிரான்ஸ்தான் நினைவுக்கு வரும். அந்நாட்டின் தெற்கே, துலூஸ் நகரத்திலிருந்து மத்தியதரைக் கடலோரத்து செத் துறைமுகம் வரை ஒரு கால்வாய் ஓடுகிறது. கனால் டு மிடி என்பது அதன் பெயர். அட்லாண்டிக் பக்கத்துப் படகுகள் ஸ்பெயினைச் சுற்றாமல் நேரே மத்தியதரைக் கடலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக, பியர் போல் ரிகே என்பவர் 1666-இல் வேலையைத் தொடங்கினார். 1681-இல் அது முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. 240 கிலோமீட்டர் நீளக் கால்வாய். குதிரைகள் படகிழுத்து நடந்த கரைப் பாதையில் இன்றைக்கு உலகெங்கிலுமிருந்து வந்தவர்கள் சைக்கிள் மிதிக்கிறார்கள். மதகு திறக்கும்வரை நின்று வேடிக்கை பார்ப்பது, வழியில் வரும் கிராமத்தில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கி மர நிழலில் சாப்பிடுவது, இருட்டுமுன் அடுத்த ஊர் போய்ச் சேருவது என்று அவர்கள் பொழுது போகிறது. அவசரமே கிடையாது.

அந்தக் கால்வாய் எந்தக் காரணத்துக்காகத் தோண்டப்பட்டதோ, அதே காரணத்தால் பெயர்பெற்ற ஓர் ஊருக்கு இன்று உங்களை அழைத்துப்போகிறேன். அங்கே கால்வாய் இல்லை. தோண்ட வேண்டிய தூரமோ ஒன்றேகால் கிலோமீட்டர்கூட இல்லை.

ஊரின் பெயர் ஒடாஹுஹு. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர மையத்திலிருந்து தென்கிழக்கே 13 கிலோமீட்டர். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டால், வடக்குத் தீவு இந்த இடத்தில் இடுப்பு சிறுத்து நிற்பது தெரியும். கிழக்கே டாமகி ஆற்றின் கழிமுகம். அந்தத் தண்ணீர் பசிபிக் பெருங்கடலைச் சேர்ந்தது. மேற்கே மாங்கரே உள்கழி. அது மனுகாவ் விரிகுடாவின் ஒரு கை. டாஸ்மன் கடலின் தண்ணீர். இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ 1,200 மீட்டர் நிலம். தீவின் வடகோடியை மற்ற பகுதியோடு சேர்த்துப் பிடித்திருப்பது இந்த ஒரு கழுத்துதான்.

மாவோரி மக்கள் இதன் அருமையைப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். வாகா எனப்படும் தங்கள் பெரிய படகுகளை ஒரு கரையில் ஏற்றி, தரைவழியே இழுத்துப்போய், மறு கரையில் இறக்கினார்கள். இல்லையென்றால் தீவின் வடமுனை வரை போய்ச் சுற்றிவர வேண்டும். டைனுய் என்ற புகழ்பெற்ற முன்னோர் படகும் இந்த வழியாகத்தான் இழுத்துச் செல்லப்பட்டது என்று அவர்கள் மரபு சொல்கிறது. அந்த இழுவைத் தடத்துக்கு டே டோ வாகா என்று பெயர். இன்று அங்கே போர்ட்டேஜ் சாலை இருக்கிறது. இரண்டு பக்கமும் கிடங்குகள், பட்டறைகள், சரக்கு லாரிகள். முதல் பார்வைக்கு எந்த அழகும் இல்லாத சாலை. ஆனால் இந்த மண்ணில் மனிதர் பயன்படுத்திய மிகப் பழைய பெருவழிகளில் அது ஒன்று. அதன் மேல் சக்கரம் உருட்டிப் போகும்போது அந்த நினைப்பு நெஞ்சை நிறைக்கிறது.

காரில் போகிறவர்களுக்கு இது எதுவும் தெரிவதில்லை. தெற்கு நெடுஞ்சாலை, ரயில் பாதை, கிரேட் சவுத் சாலை மூன்றும் இந்தக் கழுத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. இரண்டு கடலுக்கு நடுவே போகிறோம் என்று உணர்வதற்குள் கழுத்து தாண்டிவிடும். நடந்து போகலாம்தான். ஆனால் இரண்டு கரையையும் தொட்டு, நடுவில் எரிமலையும் ஏறி, கடைத்தெருவும் பார்த்து ஒரே பொழுதில் திரும்ப வேண்டுமானால் அதற்கு ஏற்ற வண்டி சைக்கிள்தான். இந்த ஊரின் அளவே சைக்கிளின் அளவு.

கிழக்குப் பக்கத்திலிருந்து தொடங்குவோம். டாமகி கழிமுகத்தின் ஓரத்தில் சீசைட் பார்க் என்றொரு பூங்கா இருக்கிறது. புல்வெளி, தண்ணீர், எதிர்க்கரை வீடுகள். கரையோரம் கண்டல் மரங்கள். நம் பிச்சாவரத்தில் வளரும் வெண்கண்டலும் இதுவும் ஒரே இனம். ஆனால் குளிர்ப் பிரதேசம் என்பதால் இங்கே குட்டையாக நிற்கின்றன. தண்ணீர் வற்றியிருக்கும்போது குனிந்து பாருங்கள். சேற்றிலிருந்து விரல் நீளத்துக்கு மூச்சுவேர்கள் ஆயிரக்கணக்கில் நேராக நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு நடுவே நண்டு வளைகள். நம் நிழல் விழுந்ததும் நண்டுகள் உள்ளே மறையும். அசையாமல் சற்று நேரம் நின்றால் ஒவ்வொன்றாக மறுபடி தலைகாட்டும்.

அங்கிருந்து மேற்கே மிதித்தால், சமதரையில் பத்து நிமிடம் போல ஆகும், அடுத்த கடலின் தண்ணீர். தனுஷ்கோடி போனவர்களுக்கு ஆண்கடல், பெண்கடல் தெரியும். ஒரு பக்கம் அலை, மறு பக்கம் அமைதி. இங்கே இரண்டு பக்கமும் உள்கழி என்பதால் இரண்டுமே அலையில்லாமல் கிடக்கும். வேறுபாடு ஏற்றத்திலும் வற்றத்திலும் இருக்கிறது. கிழக்கே ஏற்றம் முழுதாக வந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்துத்தான் மேற்கே மனுகாவில் நிறையும். தண்ணீர் ஏறி இறங்கும் உயரமும் மேற்கில் கூடுதல். ஒரு கரையில் தளும்பத் தளும்பத் தண்ணீரைப் பார்த்துவிட்டு வருகிறீர்கள். மறு கரையில் இன்னும் சேற்றுவெளி தெரிகிறது. இரண்டு கடல்களும் வெவ்வேறு நேரத்தில் மூச்சு விடுவதைப் பத்து நிமிட மிதியில் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் உலகத்தில் அதிகம் இருக்காது.

அந்தச் சேற்றுவெளிகளுக்கு ஒரு விருந்தாளி உண்டு. மூக்கு நீண்ட ஒரு கரைப்பறவை, மாவோரி மொழியில் குவாக்கா. அலாஸ்காவிலிருந்து எங்கும் இறங்காமல், இரையெடுக்காமல் 11,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து செப்டம்பர் வாக்கில் நியூசிலாந்து வருகிறது. மார்ச் மாதத்தில் வடக்கே புறப்படுகிறது. மனுகாவ் விரிகுடா அதன் முக்கியமான மேய்ச்சல் நிலங்களில் ஒன்று. கோடியக்கரைக்குப் போய் வலசைப் பறவை பார்க்கும் நேயர்கள் நியூசிலாந்தின் கோடைகாலத்தில் வந்தால் தொலைநோக்கியை மறக்க வேண்டாம்.

கால்வாய் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வெள்ளையர் குடியேறிய தொடக்க காலத்திலேயே அந்த யோசனை வந்துவிட்டது. ஒடாஹுஹுவில் அதற்கென்று நிலம்கூட ஒதுக்கிவைத்தார்கள். மேற்கே வாவ் ஆற்று வழியாக வெட்டலாம் என்றும் ஒரு கட்சி பேசியது. 1908-இல் ஆக்லாந்து–மனுகாவ் கால்வாய்ச் சட்டமே நிறைவேறியது. மண்வெட்டி மட்டும் விழவில்லை. வெட்டியிருந்தால் கப்பல்கள் போயிருக்கும். அந்தப் பழைய தடமும் அதோடு போயிருக்கும். வெட்டாமல் விட்டது நல்லது என்பதே என் எண்ணம்.

ஊரின் வடக்குப் பக்கம் மவுண்ட் ரிச்மண்ட். அதன் மாவோரிப் பெயரும் ஒடாஹுஹுதான். ஆக்லாந்தின் ஐம்பது சொச்சம் எரிமலைகளில் ஒன்று. உயரம் ஐம்பது மீட்டர் அளவுதான். சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு நடந்து ஏறுங்கள். ஒரே வாயாக இல்லாமல் சிறிதும் பெரிதுமாகப் பல எரிவாய்கள், எல்லாம் புல் மூடி. சரிவுகளில் படிக்கட்டுகள் போலத் தெரிவது பழைய மாவோரிக் குடியிருப்பின் மேடைகள். புல்லுக்கு இடையே சிப்பித் துண்டுகள் வெள்ளையாகத் தென்படும். அவர்கள் தின்று போட்டவை. 2014-இல் இதையும் சேர்த்து ஆக்லாந்தின் 14 மலைகள் மாவோரி இனக்குழுக்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டன. உச்சியில் மரியாதையோடு நடக்க வேண்டும். பக்கத்திலேயே இருந்த மக்லென்னன் குன்று கல்லுக்காக வெட்டியெடுக்கப்பட்டு மறைந்தேபோயிற்று. இது பிழைத்துக் கிடக்கிறது.

இறங்கி கிரேட் சவுத் சாலைக்கு வருவோம். 1847-இல் பிரிட்டனிலிருந்து ஓய்வுபெற்ற சிப்பாய்களைக் கொண்டுவந்து, ஆளுக்குக் குடிலும் நிலமும் கொடுத்துக் குடியேற்றிய ஊர்களில் ஒடாஹுஹுவும் ஒன்று. 1860-களில் வைகாட்டோ மாவோரிகள் மீது படையெடுக்க ராணுவம் தெற்கே நீட்டிய சாலைதான் இந்தக் கிரேட் சவுத் சாலை. போர் முடிந்ததும் அந்த மக்களிடமிருந்து 12 லட்சம் ஏக்கர் பறிமுதலானது. அந்தப் படையில் இருந்த கர்னல் நிக்சனுக்கு இதே சாலையோரம் நினைவுத்தூண் நிற்கிறது. அருகில் முதல் உலகப் போரின் நினைவாக ஒரு குதிரைவீரன் சிலை. அந்தப் போரில் நியூசிலாந்து ஒரு சைக்கிள் படையையும் பிரான்சுக்கு அனுப்பியது. 1918 ஜூலையில் ஷாம்பேன் பகுதியின் மார்ஃபோ கிராமத்தை மீட்டவர்கள் அவர்கள்தான். இன்று திராட்சைத் தோட்டம் பார்க்க அந்த வழியே சைக்கிளில் போகிறவர்கள் அங்கிருக்கும் கல்லறைகள் முன்பு இறங்கி நிற்கலாம்.

கடைத்தெருவில் பசியாறலாம். சமோவா, டோங்கா மக்களின் கடைகளில் சேம்பங்கிழங்கு முழங்கை தடிமனில் குவிந்திருக்கும். நம் ஊர்ச் சேம்பு அதன் பக்கத்தில் குழந்தை. ஒரு பாட்டி கிழங்கின் அடியை நகத்தால் கீறி, உள்ளே வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் பையில் போடுவார். அடுத்த கடையில் கறிவேப்பிலை, புளி, ரவை. கல்லாவில் இருப்பவர் பெரும்பாலும் பிஜி இந்தியர். அவர்களில் பலருடைய பாட்டன் பூட்டன் 1903-க்கும் 1916-க்கும் இடையே சென்னையிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்கள். 1987-இல் பிஜியில் ஆட்சி கவிழ்ந்த பிறகு அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்த குடும்பங்கள் ஏராளம். பேச்சில் தமிழ் தேய்ந்துபோயிருக்கலாம். ரெட்டி, நாயுடு, பிள்ளை என்று பெயரின் வாலில் தெற்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நின்று பேசுங்கள். சைக்கிளில் வந்தவரிடம் எல்லோரும் பேசுவார்கள்.

பொழுதிருந்தால் ஃபவோனா வழியாக மாங்கரே பிரிட்ஜ் என்ற புறநகர் வரை போய், 2022-இல் திறந்த ங்கா ஹாவு மாங்கரே பாலத்தைக் கடக்கலாம். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டுமான பாலம். கைப்பிடியோரம் தூண்டில் போட்டு ஆட்கள் நிற்பார்கள். அந்தப் பக்கம் ஒனேஹங்காவிலிருந்து வைகராக்கா பாதை தண்ணீரை ஒட்டியே ஓடுகிறது. உள்கழியை ஒரு சுற்றுச் சுற்றி வந்த கணக்கு. கடைசிப் பகுதி மட்டும் தொழிற்சாலைச் சாலை. லாரிகள் வரும், ஓரமாகப் போங்கள்.

புறப்படுகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஹெல்மெட் கட்டாயம், 1994 முதல் சட்டம். நம் ஊர் போலவே சாலையின் இடப்பக்கம்தான். ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொள்ளத் தனிக் கட்டணம் இல்லை. அலுவலக நேர நெரிசலை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வெயில் இதமாகத் தோன்றினாலும் தோலைச் சுட்டுவிடும். மேற்கிலிருந்து காற்று பலமாக அடிக்கும் நாளில் டாமகி பக்கத்தை முடிவுக்கு வைத்துக்கொண்டால் திரும்பும் வழியில் காற்று முதுகில் இருக்கும். புறப்படுமுன் இரண்டு கரைகளுக்கும் ஏற்ற நேரத்தைத் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கரையின் நேரம் மறு கரைக்கு உதவாது.